பரணங்கானத்துப் புனித அல்போன்சா

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியது)

முன்னுரை

இந்திய மண்ணில் பிறந்து புனிதர் நிலைக்கு உயர்த்தப்பெற்ற முதல் பெண்மணி யார் என்று வினாடி வினாப் போட்டிகளில் கேட்பார்கள். புனித அல்போன்சா என்று நாமும் உடனே விடை கூறிவிடுவோம். அவருடைய பிறப்பு நூற்றாண்டையொட்டி 2009-ஆம் ஆண்டு நடுவண் அரசு வெளியிட்ட ஐந்து ரூபாய் நாணயத்தில் அவர் திருவுருவம் பொறிக்கப்பட்டுள்ளது. அந்நாணயத்தைக் கையில் வாங்கிப் பார்த்தவர்கள் நம்மில் பலர் உண்டு. ஆனால் அவர் கால் ஊனமுற்ற பெண் என்பதும், நெடுநாள் நோயாளி என்பதும், ஒரு காலத்தில் எழுதப் படிக்கவும் மறந்துபோனவர் என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

முன்னாளில் முடவர், குருடர், செவிடர் என்று கூசாமல் அழைத்தோம். பின்னர் ஊனமுற்றோர் என்றோம். இன்று மாற்றுத்திறனாளிகள் என்கிறோம். பெயர் இரண்டு முறை மாறிவிட்டது. நம் இல்லங்களிலும் ஆலயங்களிலும் அவர்களுக்கு உரிய இடமும் மாறியிருக்கிறதா? இந்தக் கேள்வியை நெஞ்சில் வைத்துக்கொண்டு அல்போன்சா அம்மையாரின் வாழ்வைக் காண்போம், வாருங்கள் தோழியரே!

பிறப்பும் இளமையும்

அந்நாளைய திருவிதாங்கூர் நாட்டில், கோட்டயத்துக்கு அருகே குடமாளூர் என்னும் ஊர் உள்ளது. அங்கே முட்டத்துப்பாடம் என்ற பழம்பெரும் கத்தோலிக்கக் குடும்பத்தில் 1910-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 19-ஆம் நாள் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தந்தை பெயர் யோசேப்பு, தாய் பெயர் மரியம். குழந்தைக்கு அன்னா என்று பெயரிட்டு, அன்னக்குட்டி எனச் செல்லமாக அழைத்தார்கள்.

அன்னக்குட்டி வயிற்றில் இருந்தபோது, ஒருநாள் இரவு உறங்கிக்கொண்டிருந்த தாயின் இடுப்பைப் பாம்பு ஒன்று சுற்றிக்கொண்டதாம். அந்த அதிர்ச்சியால் எட்டாம் மாதத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. மூன்று திங்கள் கழித்துத் தாயும் கண்மூடினார். தாய்ப்பாலின் சுவையை முழுதாக அறியுமுன்பே தாயை இழந்த அக்குழந்தையைப் பாட்டிதான் எடுத்து வளர்த்தார். செபமாலையும், புனிதர்களின் கதைகளும், ஏழைகளுக்கு இரங்கும் குணமும் பாட்டி தந்த சீதனங்கள்.

பள்ளிப் பருவம் தொடங்கியபின், முட்டுச்சிறாவில் இருந்த பெரியம்மாவின் வீட்டுக்கு அன்னக்குட்டி அனுப்பப்பட்டாள். பெரியம்மா தாயற்ற பிள்ளையிடம் அன்பு உள்ளவர்தான். ஆயினும் கண்டிப்பு மிகுந்தவர். நல்ல குடும்பத்தில் நல்ல மாப்பிள்ளைக்குப் பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டால் தம் கடமை முடிந்துவிடும் என்பது அவர் கணக்கு. அன்னக்குட்டிக்கோ குழந்தை இயேசுவின் புனித தெரேசாவைப் போல ஆண்டவருக்கே தம்மை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்ற ஆவல்.

தீயில் வெந்த கால்கள்

1923-ஆம் ஆண்டு. அன்னக்குட்டிக்கு வயது பதின்மூன்று. திருமணப் பேச்சு வலுத்தது. வேண்டாம் என்று அழுதாள், கெஞ்சினாள். கேட்பார் இல்லை. அறுவடைக்குப் பின் பதரும் உமியும் போட்டு எரிக்கும் குழி ஒன்று வீட்டருகே கனன்றுகொண்டிருந்தது. காலைச் சிறிது சுட்டுக்கொண்டு வடுவாக்கிக்கொண்டால் பெண் கேட்டு வருபவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள் என்று அந்தப் பிஞ்சு மனம் எண்ணியது. குழியின் ஓரத்தில் கால் வைத்தவள் சறுக்கி உள்ளே விழுந்தாள். இரு கால்களும் வெந்துபோயின. பல வாரங்கள் மருத்துவம் நடந்தது. உயிர் பிழைத்தாள். கால்களில் ஏற்பட்ட ஊனம் மட்டும் வாழ்நாள் முழுவதும் நீங்கவில்லை.

தோழியரே, இந்தச் செயலை நாம் பின்பற்றத்தக்கதாகத் திருச்சபை காட்டவில்லை. உடல் இறைவன் குடியிருக்கும் கோயில். அதைத் துன்புறுத்துவது எவருக்கும் தகாது. ஒரு சிறுமி தன் மறுப்பைச் சொல்லியும் அதைக் கேட்க ஒருவரும் முன்வரவில்லையே, அதுதான் இங்கே நாம் எண்ணி வருந்த வேண்டியது. இன்று பெண்ணுக்குப் பதினெட்டு வயது நிறையுமுன் மணம் முடிப்பது சட்டப்படி குற்றம். அப்படியொரு நெருக்கடி நம்மில் யாருக்கேனும் வந்தால் ஆசிரியையிடம் சொல்லலாம், அருட்சகோதரியிடம் சொல்லலாம், 1098 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம். அன்னக்குட்டிக்கு அந்த வாசல்கள் எல்லாம் இல்லை.

திறந்த மடத்து வாயில்

கால் வெந்த பெண்ணின் நிலையைக் கண்டு பெரியம்மாவின் மனம் இளகியது. 1927-ஆம் ஆண்டு, தூய ஆவியின் திருநாளை ஒட்டி, பரணங்கானத்தில் இருந்த பிரான்சிஸ்கன் கிளாரிஸ்டு கன்னியர் மடத்துக்கு அன்னக்குட்டி அழைத்துச் செல்லப்பட்டாள்.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் உடற்குறை உள்ளவர்களைத் துறவு வாழ்வுக்கும் குருத்துவத்துக்கும் ஏற்பது எளிதாக இல்லை. 1917-இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு, பீடப் பணியைச் செவ்வனே ஆற்ற இயலாதபடி உடற்குறை உள்ள ஆண்கள் குருப்பட்டம் பெறத் தடை விதித்திருந்தது. 1983-ஆம் ஆண்டு வந்த புதிய சட்டத் தொகுப்பில்தான் அந்தத் தடை நீக்கப்பட்டது. கன்னியர் மடங்களும் நல்ல உடல்நலம் உள்ள பெண்களையே விரும்பின. மடத்து வாழ்வு என்றால் விடியுமுன் எழ வேண்டும், முழந்தாளிட்டுச் செபிக்க வேண்டும், துவைக்க வேண்டும், சமைக்க வேண்டும், வகுப்பில் மணிக்கணக்காக நின்று பாடம் நடத்த வேண்டும். இத்தனைக்கும் நல்ல கால்கள் வேண்டுமே!

அப்படிப்பட்ட நாளில் வடுப்பட்ட கால்களோடு வந்த ஒரு சிறுமிக்குப் பரணங்கானத்து மடம் வாயிலைத் திறந்தது. முதலில் அங்கே தங்கிப் படித்தாள். 1928 ஆகஸ்டு 2-ஆம் நாள் முக்காடு பெற்றாள். அன்றைய நாள் அந்தக் கால நாட்காட்டியில் புனித அல்போன்சு லிகோரியின் திருநாள். ஆகவே அல்போன்சா என்ற பெயர் அவருக்கு வாய்த்தது. 1930 மே 19-ஆம் நாள் துறவற உடை அணிந்தார்.

இயன்றதைச் செய்த ஆசிரியை

1932-ஆம் ஆண்டு வாகக்காட்டில் உள்ள பள்ளிக்கூடத்தில் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கச் சகோதரி அல்போன்சா அனுப்பப்பட்டார். பிள்ளைகளிடம் அவருக்குக் கொள்ளை அன்பு. ஆனால் நோய் அவரை விட்டபாடில்லை. முழுநேர ஆசிரியையாக வகுப்பு நடத்த உடல் இடம்கொடுக்கவில்லை. அப்போது என்ன செய்தார்கள்? வேலைக்கு ஆகாதவர் என்று ஒதுக்கி மூலையில் உட்கார வைத்தார்களா? இல்லை. துணை ஆசிரியையாக இருக்கச் செய்தார்கள். பங்கு ஆலயத்தில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பிக்கும் பணியையும் தந்தார்கள். அவருடைய கையெழுத்து அழகானது. எனவே மடத்தின் கடிதங்களை எழுதும் வேலையும் அவருக்குக் கிடைத்தது.

ஒருவரால் இயலாத ஒன்றையே சுட்டிக்காட்டிக்கொண்டிராமல், இயன்றதைக் கண்டுபிடித்து அதை அவர் கையில் ஒப்படைப்பது எத்தனை பெரிய அறிவு! உணவும் உடையும் தந்து பராமரிப்பது இரக்கம்தான். ஆனால் உன்னால் எங்களுக்கு ஆக வேண்டியது ஒன்று உண்டு என்று ஒருவருக்குச் சொல்வது அதைவிட உயர்ந்தது. நடக்க முடியாதவரின் மனத்தில் பெரிய சுமையாய் இருப்பது கால் வலி மட்டுமன்று. பிறருக்குப் பாரமாகிவிட்டோமே என்ற எண்ணமும் அவரை அழுத்தும். வேலை ஒன்று கையில் இருக்கும்போது அந்தப் பாரம் பாதியாகக் குறைந்துவிடும்.

திருப்பி அனுப்பலாமா?

இறுதி வாக்குக்கு முன் சங்கனாச்சேரியில் அவர் பயிற்சி பெற்ற காலத்தில் நோய் மிகக் கடுமையாயிற்று. மூக்கிலிருந்தும் கண்களிலிருந்தும் இரத்தம் கசிந்தது. கால்களில் புண்கள் சீழ் வைத்தன. உடல் உருகிப்போயிற்று. இனி இவர் பிழைப்பது அரிது என்றே எண்ணினார்கள்.

வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடலாமா என்ற பேச்சு அப்போது எழுந்தது. மனிதர் கணக்குப்படி அதில் தவறு ஒன்றும் தோன்றாது. இறுதி வாக்கு இன்னும் கொடுக்கவில்லை. மடத்திலோ வசதி குறைவு. நோயாளி ஒருவரைப் பார்த்துக்கொள்ள மற்றொரு சகோதரி வேண்டும். ஆனாலும் சங்கனாச்சேரி ஆயர் அதற்கு இசையவில்லை. மடமும் அவரைக் கைவிடவில்லை. சகோதரிகள் அவருக்காக நவநாள் செபம் செய்தார்கள். கேரளத் திருச்சபையின் பெருந்தந்தையாகிய குரியாக்கோஸ் எலியாஸ் சாவரா அடிகளாரின் பரிந்துரையை வேண்டினார்கள். அந்த நவநாளின்போது நோய் தணிந்தது. 1936 ஆகஸ்டு 12-ஆம் நாள், அந்நாளில் புனித கிளாராவின் திருநாளாக இருந்த அன்று, அல்போன்சா தம் இறுதி வாக்கை அளித்துச் சபையின் நிலையான உறுப்பினர் ஆனார்.

அன்று அவரைத் திருப்பி அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். குடமாளூரில் ஒரு வீட்டின் பின்னறையில் பெயர் தெரியாத ஒரு நோயாளியாக அவர் மறைந்திருக்கக்கூடும். இந்தியத் திருச்சபைக்கு ஒரு புனிதை கிடைத்தார் என்றால், அதற்கு அவருடைய பொறுமை ஒரு காரணம். அவரைத் தாங்கிக்கொண்ட சகோதரிகளின் கைகள் மற்றொரு காரணம். அந்தக் கைகளுக்கு உரியவர்களின் பெயர்களை நாம் பெரும்பாலும் அறியோம்.

நினைவு இழந்த நாட்கள்

நோயும் துன்பமும் அதோடு நிற்கவில்லை. 1939 ஜூன் 14-ஆம் நாள் கடும் நுரையீரல் காய்ச்சல் அவரை வாட்டியது. 1940 அக்டோபர் 18-ஆம் நாள் நள்ளிரவில் திருடன் ஒருவன் அவருடைய அறைக்குள் நுழைந்துவிட்டான். அந்தத் திகிலில் அல்போன்சாவின் நினைவாற்றலே போய்விட்டது. எழுதவும் படிக்கவும் இயலாமற்போயிற்று. அழகான கையெழுத்தால் மடத்துக் கடிதங்களை எழுதிக் கொடுத்தவர், தம் கடிதத்தையே படிக்க முடியாதவர் ஆனார்.

கால் ஊனத்தைக் கண்ணால் காணலாம். ஆகவே அதற்கு இரங்குகிறவர்கள் பலர். மனத்துக்கும் நினைவுக்கும் வரும் குறையைக் கண்ணால் காண முடியாது. அதற்கு நாணுகிறவர்களே மிகுதி. மூளை வளர்ச்சி குன்றிய குழந்தையையும் நினைவு தடுமாறும் பெரியவரையும் விருந்தினர் வரும்போது உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்தும் வீடுகள் இன்றும் உண்டு. பரணங்கானத்து மடத்தில் அல்போன்சாவின் இடம் அந்த நாட்களிலும் அவருக்கே இருந்தது. ஓராண்டுக் காலம் அவர் அந்நிலையில் இருந்தார். 1941 செப்டம்பர் இறுதியில் நோயில்பூசுதல் என்னும் அருட்சாதனம் அவருக்கு அளிக்கப்பட்டது. மறுநாள் நினைவு திரும்பியது. உடல்நலம் மட்டும் முழுதாகத் திரும்பவில்லை.

பின்வந்த சில ஆண்டுகளில் சற்றுத் தேறியிருந்தார். 1945-ஆம் ஆண்டில் வயிற்று நோயும் ஈரல் நோயும் சேர்ந்துகொண்டன. ஓயாத வாந்தியும் வலிப்பும் அவரைத் துன்புறுத்தின. ஆயினும் தம்மைப் பார்க்க வருபவர்களிடம் முகம் சுளிக்காமல் புன்னகையோடு பேசினார். தம் நோவைச் சொல்வதைவிட வந்தவர்களின் கவலையைக் கேட்பதிலேயே அவருக்கு விருப்பம். என்னே அவர் பொறுமை!

பிள்ளைகள் ஏற்றிய மெழுகுதிரி

1946 ஜூலை 28-ஆம் நாள் நண்பகல் கடந்த வேளையில், முப்பத்தைந்து வயதில், சகோதரி அல்போன்சா இறைவனடி சேர்ந்தார். அடக்கத்துக்கு வந்தவர்கள் சிலரே. அவருடைய ஆன்ம வழிகாட்டியாகிய அருட்தந்தை ரோமுலூஸ் அங்கே உரையாற்றி, அடக்கம் செய்யப்படுபவர் ஒரு புனிதை என்றே உறுதியாகக் கூறினாராம். அதைக் கேட்டு வியந்தவர்கள் பலர்.

அதன்பின் நடந்ததுதான் நம்மைப் போன்ற மாணவியர்க்கு இனிக்கும் செய்தி. பெரியவர்கள் மறந்து கலைந்துபோன அந்தக் கல்லறைக்குப் பள்ளிப் பிள்ளைகள் போகத் தொடங்கினார்கள். தங்களிடம் அன்பாய்ப் பேசிய சகோதரியின் கல்லறையில் மலர் வைத்தார்கள், மெழுகுதிரி ஏற்றினார்கள், தேர்வுக்காகவும் நோய்க்காகவும் வேண்டிக்கொண்டார்கள். பிள்ளைகள் சொல்லித்தான் பெற்றோர் வந்தார்கள். பெற்றோர் சொல்லி ஊர் வந்தது. பின் நாடே திரண்டு வந்தது. சாதி மத வேறுபாடு இன்றி மக்கள் இன்றும் பரணங்கானம் செல்கிறார்கள்.

1986 பிப்ரவரி 8-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் கோட்டயத்துக்கே வந்து அவரை முத்திப்பேறு பெற்றவர் என அறிவித்தார். எந்தச் சாவரா அடிகளாரை நோக்கிச் சகோதரிகள் நவநாள் செய்தார்களோ, அந்த அடிகளாரும் அதே நாளில் அதே பீடத்தில் அவரோடு முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார். 2008 அக்டோபர் 12-ஆம் நாள் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அல்போன்சா அம்மையாரைப் புனிதர் என்று உலகுக்கு அறிவித்தார். ஜூலை 28 அவருடைய திருநாள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பிறவியிலேயே பாதம் கோணிய சிறுவன் ஒருவன் நலம் பெற்றதையே திருச்சபை அவருடைய புனிதர் பட்டத்துக்குரிய அற்புதமாக ஏற்றுக்கொண்டது. பிறர் கால்களுக்காக இறைவனிடம் பரிந்து பேசுகிற அவருடைய சொந்தக் கால்கள் சாகும்வரை குணமாகவில்லை! குணமானால்தான் ஆண்டவருக்கு ஏற்றவர் என்பது இல்லை. ஊனத்தோடு இருந்தபடியே அவர் ஆண்டவருக்கு ஏற்றவராய் இருந்தார், மடத்துக்கும் ஏற்றவராய் இருந்தார். நம் பங்கில் உள்ள மாற்றுத்திறனாளிகளும் அவ்வாறே. அவர்கள் குணம் பெற வேண்டுவது நல்லதுதான். ஆனால் அவர்களுக்கு நாம் உடனே கொடுக்கக் கூடியது நம் நடுவில் ஓர் இடம். அதற்கு அற்புதம் எதுவும் தேவையில்லை.

நம் முத்துக் கடற்கரையில்

மலையாள நாட்டுக் கதை நமக்கு எதற்கு என்று யாரும் எண்ண வேண்டாம். வேம்பார் முதல் மணப்பாடு வரை நீண்டு கிடக்கும் நம் கடற்கரையில் ஒவ்வொரு பங்கிலும் அல்போன்சாக்கள் இருக்கிறார்கள். இங்கே முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோனாலும் சங்கு குளிப்பது நிற்கவில்லை. ஆழ்கடலில் தண்ணீரின் அழுத்தம் காதின் சவ்வைக் கிழித்துவிடும். அப்படிக் கேட்கும் திறனைக் கடலுக்குக் கொடுத்துவிட்ட தாத்தாக்கள் நம் தெருக்களில் உண்டு. உப்பளத்தில் வெண்மையான உப்பின் மேல் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்களை வாட்டுகிறது. கடலிலும் துறைமுகத்திலும் விபத்துக்குள்ளாகிக் கையோ காலோ இழந்தவர்கள் உண்டு. பிறவியிலேயே குறையோடு பிறந்த குழந்தைகளும் உண்டு. ஞாயிறு திருப்பலியில் இவர்களில் எத்தனை பேரை நாம் காண்கிறோம்?

நம் முன்னோர் இதில் நமக்கு நல்ல வழிகாட்டியிருக்கிறார்கள். 1542-இல் இக்கடற்கரைக்கு வந்த புனித சவேரியார், நோயாளிகள் எல்லாரையும் தாம் ஒருவரே சென்று காண இயலாதபோது, மறைக்கல்வி கற்ற சிறுவர்களை அவர்கள் வீடுகளுக்கு அனுப்பிவைத்தார். பிள்ளைகள் போய்ப் படுக்கையருகே நின்று விசுவாச அறிக்கையைச் சொல்லிச் செபித்தார்கள். ஆகவே இந்தப் பணி நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு ஐந்நூறு ஆண்டு நெருங்கும் சொந்தப் பணி. வேளாங்கண்ணி மரபை நினையுங்கள். அன்னை தம் செய்தியைக் கொண்டுபோகத் தேர்ந்தெடுத்தது மோர் விற்ற ஒரு கால் ஊனமுற்ற சிறுவனைத்தான் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

கல்வித் துறையிலும் திருச்சபைகள் முன் நின்றன. பம்பாயில் காது கேளாதோர்க்கு 1880-களிலேயே பள்ளி தொடங்கியவர் அந்நகரின் கத்தோலிக்க ஆயர் லியோ மெய்ரின். நமக்கு அருகிலுள்ள பாளையங்கோட்டையில் 1890-ஆம் ஆண்டு பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கியவர் செல்வி ஆஸ்க்வித் என்னும் ஆங்கிலேய அம்மையார். அதே ஊரில் காது கேளாதோர் பள்ளி செல்வி பிளாரன்ஸ் சுவெய்ன்சனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இவ்விருவரும் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர். எனினும் நல்லது செய்தவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள வேலி ஏது?

பள்ளிகள் வந்துவிட்டன. ஆனால் அந்தப் பள்ளியில் படித்து ஊர் திரும்பும் அண்ணனுக்கும் அக்காவுக்கும் பங்கு ஆலயத்தில் என்ன காத்திருக்கிறது? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை வகுத்து, பொதுமக்கள் வந்து செல்லும் கட்டடங்கள் எல்லாருக்கும் எட்டும்படி இருக்க வேண்டும் என்கிறது. சட்டம் சொல்லித்தான் ஆலயம் செய்ய வேண்டுமா? பெருஞ்செலவு இல்லாமல் செய்யக் கூடியவை பல உண்டு.

ஆலயப் படிகளின் பக்கத்தில் ஒரு சாய்தளமும் பிடித்து ஏறக் கைப்பிடிக் கம்பியும் அமைக்கலாம். மணற்குன்றின் மேல் நிற்கும் மணப்பாட்டுத் திருச்சிலுவை ஆலயம் போன்ற உயரமான இடங்களுக்கு இயலாதவர்களை அழைத்துச் செல்ல இளைஞர் குழு ஒன்று முன்வரலாம். சக்கர நாற்காலியைக் கடைசி வரிசைக்குப் பின்னால் வாசலருகே நிறுத்தாமல், நடுவில் ஒரு பெஞ்சைக் குறைத்துக் குடும்பத்தாரோடு சேர்ந்து இருக்க இடம் விடலாம். காது கேளாதவர்கள் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி மறையுரை ஆற்றுபவரின் முகத்தில் வெளிச்சம் விழச் செய்யலாம். சைகை மொழி அறிந்தவர் ஒருவர் பீடத்தின் அருகே நின்று விளக்கலாம். பிரெயில் படிக்கத் தெரிந்த அக்கா ஒருவரிடம் வாசகத்தை முன்னதாகக் கொடுத்தால் அவரே முதல் வாசகம் வாசிப்பாரே! மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கும் பொறுமையாய்க் கற்பித்துப் புதுநன்மைக்கு ஆயத்தம் செய்யலாம். ஆகஸ்டு 5-ஆம் நாள் பனிமய அன்னையின் திருவிழாக் கூட்டத்தில், நெரிசல் இல்லாத ஒரு பந்தலை இவர்களுக்கென ஒதுக்கலாம். வெளியே வரவே இயலாதவர்களுக்குக் குருவானவர் நற்கருணை கொண்டுசெல்லும்போது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவர் மெழுகுதிரி ஏந்திக் கூடச் செல்லலாம்.

மாணவியராகிய நம்மால் ஆவதும் உண்டு. கேலிப் பெயர் சொல்லி அழைப்பதை நிறுத்தலாம். கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட முடவன் என்று ஒரு பழமொழியை நாம் எண்ணிப் பாராமலே பேச்சில் கலக்கிறோம். தேனுக்கு ஆசைப்படுவது எல்லா நாவுக்கும் இயல்பு. கொம்பில் ஏறித் தேன் எடுத்துத் தர ஆள் இல்லாமற்போனதுதான் அங்கே குறை.

முடிவுரை

நற்செய்தியில் கப்பர்நாகூம் ஊரில் நடந்த ஒரு நிகழ்ச்சி வருகிறது. முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் கட்டிலோடு சுமந்து வந்தார்கள். வாசலில் கூட்டம். உள்ளே நுழைய வழி இல்லை. அந்த நால்வரும் சலித்துத் திரும்பவில்லை. கூரையைப் பிரித்து நண்பரை ஆண்டவரின் முன்னே இறக்கினார்கள். ஆண்டவர் கண்டு மகிழ்ந்தது அந்த நால்வரின் நம்பிக்கையையும் அல்லவா? பரணங்கானத்துச் சகோதரிகள் அல்போன்சாவுக்கு அந்த நால்வராய் இருந்தார்கள்.

வழியை மறித்து நின்ற கூட்டத்தில் இருந்தவர்களும் கெட்டவர்கள் அல்லர். ஆண்டவரின் வார்த்தையைக் கேட்க வந்தவர்களே. பின்னால் ஒரு கட்டில் வருகிறது என்று அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நம் ஆலயங்களில் நாம் அந்தக் கூட்டமாக இருக்கப்போகிறோமா, அந்த நால்வராக இருக்கப்போகிறோமா? வருகிற ஞாயிறன்று திருப்பலிக்குப் புறப்படும்போது, நம் தெருவில் வீட்டோடு முடங்கிக் கிடக்கும் ஒருவரின் கதவைத் தட்டி, வருகிறீர்களா என்று கேட்போம். புனித அல்போன்சா நமக்குத் துணை நிற்பாராக!